மூணேகால் கண்மாய்

நெடுமருதூரில் மழை பெய்து இரண்டு வருஷமும் நாலு மாசமும் ஆகியிருந்த ஒரு பங்குனிச் செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்கால் மணிக்கு, பேரூராட்சி அலுவலகத்துக் கம்ப்யூட்டருக்குப் புது மெமரி போட்டுவிட்டு மேஜைக்கு முன்னால் நின்றிருந்த பாண்டீஸ்வரியின் முழங்கால் வரைக்கும் தண்ணீர் வந்தது.

எங்கிருந்தும் பாய்ந்து வரவில்லை. கதவிடுக்கில் புகவில்லை, கூரையில் ஒழுகவில்லை. அறை முழுக்க, வராந்தா முழுக்க, வெளியே பஸ் ஸ்டாண்டு முழுக்க, அதற்கும் அப்பால் புதுக் காலனியின் பதினோரு வீட்டு அடுப்படி வரைக்கும், காலங்காலமாக அங்கேயே கிடந்த தண்ணீர்போல அது அசையாமல் கிடந்தது, அதற்குள் கெண்டைக்குஞ்சுகள் அவரவர் காலைச் சுற்றிக்கொண்டு போயின, ஒரு தவளை பிறப்புச் சான்றிதழ் கேட்டு நின்றவரின் பைக்குள் தாவி உட்கார்ந்தது. பாண்டீஸ்வரி முதலில் செய்த காரியம், தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தூக்கி மேஜைமேல் வைத்தது. இரண்டாவதாக, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டது. மூன்றாவதாக, கம்ப்யூட்டரை அணைத்தது. அணைத்ததும் தண்ணீர் இல்லை. தரை காய்ந்த தரையாகக் கிடந்தது. ஆனால் அவள் சேலையின் கீழ்க்கரை நனைந்து சொட்டியது.

"மறுபடி போடும்மா, பாப்போம்" என்றார் செயல் அலுவலர் அமலநாதன். ஓய்வுபெற மூன்று வருஷம் இருக்கிற மனிதர், எதையும் இரண்டு தடவை சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடுகிறவர். அவள் போட்டாள். தண்ணீர் வந்தது.

"மெமரியில கோளாறு" என்றார் அமலநாதன், நாற்காலியில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"கோளாறு எங்கன்னு தேடிட்டுச் சொல்றேன் சார்" என்றாள் பாண்டீஸ்வரி.

அவளுக்கு வயது முப்பத்தாறு. சந்தைத் தெருவில் பன்னிரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தாள். சுற்றுவட்டாரத்தில் பள்ளிக்கூடமோ நகைக்கடையோ ஸ்கேன் சென்டரோ, எந்தப் பெட்டி மக்கர் செய்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள், அவளும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஒரு அழிரப்பரும் ஒரு பெயின்ட் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு போவாள், முடியாது என்று சொல்லித் திரும்பியதில்லை. அந்தக் காலையிலும் புது மெமரி முதலில் ஏறவில்லை. மூன்று தடவை பீப் அடித்து நின்றது. அவள் அதைக் கழற்றி, பித்தளை நிறத்துப் பற்களை ரப்பரால் தேய்த்து, ஸ்லாட்டைப் பிரஷ்ஷால் தூசி தட்டி, இரண்டு ஓரத்துக் கிளிப்பும் 'டக்'கென்று விழும்படி அழுத்திய பிறகுதான் திரை வெளிச்சமானது, தண்ணீரும் வந்தது.

ஆகவே அவள் முறைப்படி தேடினாள். புது மெமரியை அடுத்த ஸ்லாட்டில் மாற்றிப் போட்டாள், தண்ணீர் வந்தது. அதைக் கழற்றிவிட்டுப் பழையதைப் போட்டாள், தண்ணீர் வரவில்லை, ஆனால் ஒரு சான்றிதழ் திறக்க முன்போலப் பதினேழு நிமிஷம் ஆனது. புதியதைத் தன் கடைக்கு எடுத்துப்போய் வேறொரு பெட்டியில் போட்டுப் பார்த்தாள், சமர்த்தாக ஓடியது, ஒரு சொட்டு ஈரமில்லை. பிறகு அலுவலகத்துப் பெட்டியையே தன் கணவன் செல்வராசுவின் லோடு வேனில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவந்து புதியதைப் போட்டு ஓடவிட்டாள், கடை காய்ந்து கிடந்தது, ஆனால் இரண்டாவது நிமிஷத்தில் அமலநாதன் போனில் கூப்பிட்டு, "ஏம்மா, பெட்டிதான் இங்க இல்லையே, தண்ணி மட்டும் எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். அதிலிருந்து ஒன்று தெரிந்தது: பெட்டி எங்கே ஓடினாலும் தண்ணீர் தன் இடத்துக்குத்தான் வரும்.

அது யாருடைய இடம் என்பது ஊருக்குத் தெரியாமல் இல்லை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் பெரிய கண்மாயைச் செம்மண் கொட்டி மூடித்தான் அலுவலகத்தையும் பஸ் ஸ்டாண்டையும் கட்டினார்கள், மிச்சத்தை மனை போட்டார்கள். கரை மட்டும் மேற்கே மேடாக நின்றது. அதன் பேரை யாரும் சொல்லாமல் விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது, இப்போது சொன்னார்கள்.

பெட்டியை அலுவலகத்துக்கே திருப்பிக் கொண்டுவந்து, புது மெமரியோடு மேஜைமேல் உயர்த்தி வைத்தாள். வேலை நடந்தாக வேண்டும், பழைய மெமரியில் வேலை நடக்காது. மூன்று நாளைக்கு ஊர் வந்து வந்து பார்த்தது, நாலாம் நாள் குடத்தோடு வந்தது. பெட்டியை அணைத்தால் தண்ணீர் போய்விடும், ஆனால் குடத்தில் மொண்டது மொண்டதுதான், துவைத்த துணி துவைத்ததுதான், கரைக்குத் தூக்கிப்போட்ட மீன் மீன்தான் என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒன்பது நாளைக்கு ஒரு தடவை வரும் லாரித் தண்ணீருக்குச் சண்டை போட்ட தெருக்கள் இப்போது அலுவலக வராந்தாவில் வரிசையாக நின்றன. எழுத்தர்கள் செருப்பை ஆணியில் மாட்டிவிட்டு, கோப்புகளை மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டு, தண்ணீருக்குள் காலை விட்டுக்கொண்டு முத்திரை குத்தினார்கள், குதிகால் வெடிப்பு ஆறிவிட்டதாக ஒருவர் சொன்னார். பஸ்கள் பஸ் ஸ்டாண்டுக்குள் எருமைபோல நிதானமாக இறங்கி ஏறின, எருமைகளும் இறங்கின, ஆனால் ஏற மறுத்தன. கண்மாய் அலுவலக நேரத்தில் மட்டும் இருக்கும், மாலை ஐந்தே முக்காலுக்கு மேல் குளிப்பவர்கள் சோப்புப் போட வேண்டாம் என்று தெருத் தெருவாக மைக்கில் அறிவித்தார்கள். ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறையும் கண்மாய்க்கும் விடுமுறை. அந்த நாட்களில் கொக்குகள் வெடித்த தரையில் ஒற்றைக் காலில் நின்று திங்கட்கிழமையைக் காத்திருந்தன. அமலநாதன் மேலிடத்துக்கு முறையாகக் கடிதம் எழுதினார், அலுவலகத்துக்குள் நீர் இருப்பது பற்றி. பருவமழை தொடங்குமுன் வடிகால் தூர்வாரப்படும் என்று பதில் வந்தது. அதைக் கோப்பில் வைத்து மேல்தட்டில் ஏற்றினார்.

பாண்டீஸ்வரிக்கு மட்டும் அது முடிந்த வேலையாகப் படவில்லை. அவள் மெமரியைச் சோதிக்கும் நிரலை ஒரு மதியம் முழுக்க ஓடவிட்டாள். ஒரு பிழைகூட இல்லை. பிறகு கணினியின் விவரப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். பொருத்தியது எட்டு ஜி.பி., பயன்படுவது மூணேகால் என்று எழுதியிருந்தது. அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது. பெட்டியில் இருந்த விண்டோஸ் பழைய முப்பத்திரண்டு பிட் விண்டோஸ். மூணேகாலுக்கு மேல் எண்ண அதற்குத் தெரியாது.

கரைக்குக் கீழே மூன்று ஏக்கர் வயல் வைத்து இரண்டு போகமாகத் தரிசு போட்டிருந்த பஞ்சவர்ணம் அன்றைக்குக் கடைக்கு வந்தாள். கண்மாய் வந்த நாளிலிருந்து அவள் தினமும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா பாண்டி, குளிக்கக் குடிக்கத் தண்ணி இருக்கு. மடைக்கு ஏறலையே. மடைவாய்க்கு ரெண்டடி கீழ நிக்குது. எனக்கு அது இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

"வந்தது பாதிகூட இல்லக்கா" என்றாள் பாண்டீஸ்வரி. "எட்டுல மூணேகால்தான் வந்திருக்கு. மிச்சத்தையும் மெஷின் எண்ணுச்சுன்னா மடைக்கு மேல ஏறும்."

"எண்ண வைக்க முடியுமா?"

"முடியும். ரெண்டு மணி நேர வேலை."

அவள் தயங்காமல் சொன்னாள். பஞ்சவர்ணம் போன பிறகுதான் டேப்பை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போய்ச் சுவரில் அளந்து கணக்குப் போட்டாள். இப்போது முழங்கால். எட்டும் வந்தால் ஜன்னல் கட்டைக்கு மேலே ஒரு சாண். அங்கிருந்து அப்படியே புதுக் காலனிக்குப் போய் நாலாவது வீட்டுச் சுவரிலும் அளந்தாள். அடுப்படி மேடைக்கு வந்தது. நாலாவது வீடு அவளுடையது.

அந்த வீட்டு அடுப்படி மேடையை அவள் உயரத்துக்குத் தக்கபடி மூன்று அங்குலம் தாழ்த்திக் கட்டச் சொல்லிக் கொத்தனாரோடு இரண்டு நாள் மல்லுக்கு நின்றிருந்தாள். அதன்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கணுக்கால் தண்ணீரில் ஒரு நண்டு அடுப்படியிலிருந்து கூடத்துக்கு நடந்து போனது. செல்வராசு வந்ததும் அளந்ததைச் சொன்னாள்.

"வேற வழி எதுவும் இருக்கா?" என்று கேட்டான் அவன்.

"இந்த மெமரியக் கழட்டிட்டு வேற சாதா மெமரி ஒண்ணு வாங்கிப் போடலாம். தண்ணியே இருக்காது."

அவன் ஸ்டூலில் உட்கார்ந்து சுருட்டியிருந்த பேன்ட்டை இறக்கினான், ஈரத்தைப் பிழிந்தான், மறுபடி சுருட்டி ஏற்றினான். "உனக்கு எது சரின்னு படுது பாண்டி?"

"எண்ண வைக்கிறதுதான்."

"அப்பக் கட்டிலை எப்ப எடுக்கணும்னு மட்டும் சொல்லு. வேன் வாடகைக்குப் போற அன்னிக்குச் சொல்லாத."

அவள் சிரித்துவிட்டாள். அழுகையும் கூடவே வந்தது, அதை அவன் பார்த்தும் பார்க்காததுபோலத் தண்ணீருக்குள் கிடந்த கரண்டியை எடுத்துக் கொடுத்தான்.

ஊர்க்கூட்டம் அலுவலகத்துக்குள்ளேயே நடந்தது, எல்லோரும் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். பாண்டீஸ்வரி அளவைச் சொன்னாள், எதுவரைக்கும் ஏறும், எவை முழுகும் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். கரைக்குக் கீழே வயல் வைத்திருந்தவர்களுக்குக் கேட்கக் கூச்சமாக இருந்தது. புதுக் காலனியின் முதல் வீட்டுக்காரர் திருமேனிதான் பேசினார். பஸ் ஸ்டாண்டு எதிரில் மருந்துக்கடை வைத்திருந்தார். ஒரு மாத்திரை அட்டையைக்கூட வெளிச்சத்தில் காட்டித் தேதி பார்க்காமல் கொடுக்கமாட்டார்.

"தங்கச்சி, நான் ஒரு ஜன்னலுக்கு மூணு மாசம் யோசிச்சுக் கட்டின வீடு அது. கோளாறான சாமானைப் போட்டது நீ. அதக் கழட்டி எடுக்கறதும் உன் பொறுப்பு. அதுக்கு எதுக்கு இத்தனை பேர்?"

"சாமான்ல கோளாறு இல்லண்ணே."

"ஆபீசுக்குள்ள மீன் ஓடுது. கோளாறு இல்லைங்கறியா?"

"இல்ல. மூணு விதமாச் சோதிச்சாச்சு. மெமரி நல்லா இருக்கு, எட்டும் முழுசா இருக்கு. எண்ணத் தெரியாததுதான் கோளாறு. நல்லா இருக்கறதக் கழட்டிட்டுக் கோளாற உள்ளேயே விட்டா அதுக்குப் பேரு ரிப்பேர் இல்லண்ணே. என் வீடும் அங்கதான் இருக்கு. உங்க வீட்டுலேருந்து நாலாவது."

அமலநாதன் இரண்டு பக்கமும் பார்த்தார். "பதினோரு வீட்டுக்காரரும் சம்மதிச்சாத்தான் செய்யணும்" என்றார். "ஒருத்தர் வேண்டாம்னாலும் நான் கையெழுத்துப் போடமாட்டேன்." அது நியாயம் என்று எல்லோருக்கும் பட்டது. கூட்டம் கலைந்தது, கலைந்து போகிற காலடிகளில் தண்ணீர் வெகுநேரம் சளசளத்தது.

மறுநாள் மதியம் திருமேனி அலுவலகத்துக்கு வந்தார். பாண்டீஸ்வரி அங்கே பிரின்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அந்த நம்பர நானே பாக்கணும்" என்றார். அவள் விவரப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், பொருத்தியது, பயன்படுவது என்று விரல் வைத்துப் படித்தார்.

"மிச்சம் நாலேமுக்கால் எங்க இருக்கு?"

"உள்ளேதாண்ணே இருக்கு."

"உள்ளன்னா?"

"இந்தப் பெட்டிக்குள்ளேதான். கரன்டும் போகுது, சூடும் ஆகுது. கூப்பிடத்தான் ஆளில்ல."

திருமேனி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ஒரு கெண்டை அவருடைய வேட்டி நுனியைக் கொத்திக் கொத்திப் பார்த்துக்கொண்டிருந்தது, அதை விரட்டவில்லை. "நாப்பது வருஷமாவா?" என்று கேட்டார். மெமரி போன மாதம் செய்தது. ஆனாலும் அந்தக் கேள்வி தப்பு என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அதற்கடுத்த நாள் காலை, புதுக் காலனி முதல் வீட்டில் சுத்தியல் சத்தம் கேட்டது. திருமேனி தன் ஜன்னல்களைச் சட்டத்தோடு பெயர்த்து எடுத்து, ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் கிழக்கு, மேற்கு என்று எழுதிச் சாய்த்துவைத்துக்கொண்டிருந்தார். மற்ற வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுத் தங்கள் சுத்தியலைத் தேடிப் போனார்கள்.

ஊர் இடம்பெயர ஆறு வாரம் ஆனது. கரைக்கு மேற்கே மேட்டுப்பொட்டலில் பதினோரு குடும்பத்துக்கும் இடம் அளந்து கொடுத்தார்கள், வீடு கட்டிக் கொடுக்கக் கரைக்குக் கீழ் வயல்காரர்கள் முறைவைத்து வந்து கல் சுமந்தார்கள், கதவும் நிலையும் அலமாரியும் அம்மியும் செல்வராசுவின் வேனில் வரிசையாகக் கரையேறின, பஸ் ஸ்டாண்டு சந்தைத் திடலுக்குப் போனது, அலுவலகம் கரைமேல் இருந்த பழைய நெல் கிட்டங்கிக்குப் போனது. பாண்டீஸ்வரி அடுப்படி மேடைக் கல்லைப் பெயர்த்துப் பார்த்தாள், அது இரண்டாக உடைந்தது. விட்டுவிட்டாள். கடைசியாகக் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு கிட்டங்கிக்கு வந்தாள்.

இன்னொரு காரியமும் பாக்கி இருந்தது, அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. கம்ப்யூட்டரைத் தூங்க வைக்கிற ஒரு வழி உண்டு. மெமரியில் இருப்பதை ஒன்றுவிடாமல் ஹார்ட் டிஸ்க் என்கிற வட்டில் எழுதிவிட்டு, பிறகு தன்னை அணைத்துக்கொள்ளும். மின்சாரம் போனால் மறக்கிறது மெமரியின் குணம், வட்டு மறக்காது. அப்படி எழுதி வைத்தால் பெட்டியை அணைத்த பிறகும் கண்மாய் நிற்கும் என்பது அவள் கணிப்பு. இந்த மாதங்களில் பலதடவை அவள் அதைச் செய்து பார்த்திருந்தாள், ஒவ்வொரு தடவையும் நாற்பதாவது சதவீதத்தில் பிழை என்று காட்டி நின்றுபோனது. எண்ணத் தெரியாததை எழுதவும் முடியாது என்று அவள் நினைத்தாள். எட்டையும் எண்ணியபின் எழுதும் என்று நினைத்தாள். அது நடக்காவிட்டால், ஒவ்வொரு மின்வெட்டுக்கும் கண்மாய் காணாமல் போகும், பயிர் வாடும், பதினோரு வீடு வீணாய்ப் போயிருக்கும்.

ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, ஊர் முழுக்கக் கரையில் நின்றது. அவள் புதிய வட்டைப் பொருத்தினாள், அறுபத்துநாலு பிட் விண்டோஸை ஏற்றினாள். இரண்டு மணி நேரம் என்று சொல்லியிருந்தாள், இரண்டு மணியும் பத்து நிமிஷமும் ஆனது. பெட்டி ஒருதரம் அணைந்து மறுபடி விழித்தது. அவள் விவரப் பக்கத்தைத் திறந்தாள். பொருத்தியது எட்டு. பயன்படுவது எட்டு.

"வந்துருச்சா?" என்று கத்தினார் வாசலில் நின்ற அமலநாதன், கத்தியபிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

வந்திருந்தது. கரையின் கல்லடுக்கில் பாதிக்கு மேல் ஏறி, அலுவலகத்தின் ஜன்னல் கட்டையை மூடி, பதினோரு வீடும் இடுப்பளவு முழுகி நிற்க, அந்தக் கோடி நாணல்வரை காற்றுக்குச் சுருக்கம் விழுந்த ஒரே தண்ணீராக வந்திருந்தது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் வெட்டிய கருவேல மரங்கள் நடுவில் நின்றன, அவற்றின்மேல் நீர்க்காக்கைகள் இறக்கையை விரித்துக் காயப்போட்டிருந்தன. எருமைகள் யாரையும் கேட்கவில்லை. திருமேனி தன் வீட்டு முகப்பைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி பார்த்தார்.

பாண்டீஸ்வரி தண்ணீரைப் பார்க்கப் போகவில்லை. தூங்க வைக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பஞ்சவர்ணம் உள்ளே வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். பத்து. இருபத்திரண்டு. முப்பத்தொன்பது. அங்கே எண் நின்றது. பஞ்சவர்ணத்தின் நகம் தோளில் அழுந்தியது. செல்வராசு வாசலில் அசையாமல் நின்றான்.

"நின்னுருச்சா ஆத்தா?"

"இல்லக்கா" என்றாள் பாண்டீஸ்வரி. "எழுதுது. பெரிய கண்மாய்ல்ல."

நாற்பது. நாற்பத்தொன்று. அதற்குப் பிறகு எண் ஓடியது, யாரும் எண்ண முடியாத வேகத்தில் ஓடி நூறில் முடிந்தது, திரை கறுத்தது, விசிறி சுற்றி ஓய்ந்தது, பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது. கிட்டங்கிக்குள் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியில் வெளியிலிருந்து தண்ணீர் கல்லில் மோதுகிற சத்தம் கேட்டது. ஒரு தடவை. மறுபடி ஒரு தடவை.

பாண்டீஸ்வரி பிளக்கைப் பிடுங்கினாள். வெளியே வந்து பார்த்தாள். கண்மாய் இருந்தது.

யாரும் கைதட்டவில்லை. ஆண்களும் பெண்களும் அவரவர் இடத்தில் கரையில் உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். நெடுநேரம் நின்றிருந்த கால்கள். பஞ்சவர்ணம் மட்டும் உட்காரவில்லை. அவள் மடையைப் பார்த்து நடந்தாள், பாண்டீஸ்வரியும் திருமேனியும் செல்வராசுவும் பின்னால் போனார்கள். மடையின் இரும்புப் பலகை துருவேறிக் கல்லோடு கல்லாகப் பிடித்திருந்தது. செல்வராசு மூச்சடக்கி முங்கி அடியிலிருந்து நெம்பினான், திருமேனி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலிருந்து இழுத்தார், மூன்றாவது இழுப்பில் அது முனகிக்கொண்டு ஒரு சாண் எழும்பியது, நாலாவதில் முழுதாக எழும்பியது. தண்ணீர் வாய்க்காலில் விழுந்து, கொஞ்சம் தயங்கி, சருகையும் எறும்பையும் முன்னால் தள்ளிக்கொண்டு நகர ஆரம்பித்தது.

பஞ்சவர்ணம் வாய்க்காலுக்குள் இறங்கி அதற்கு முன்னால் நடந்தாள், மண்வெட்டியால் இடதும் வலதும் முள்ளை ஒதுக்கிக்கொண்டே, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு வழி காட்டுவதுபோல அடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்து, "வா, இப்படி வா" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். பாண்டீஸ்வரி வரப்போரமாகக் கூடவே போனாள். முதல் வளைவு வரைக்கும் மெதுவாக நடந்தால் போதுமாக இருந்தது. அதற்கப்புறம் தண்ணீர் வேகம் பிடித்துவிட்டது, இரண்டு பேரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது.